பூமாரி பேரில் போன கை

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்கள் மாடம்மாள் கடையில் காய் வாங்கினால், கூடவே நாலு பேச்சும் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். தட்டிப் பார்க்கக் கூடாது. குலுக்கிப் பார்க்கக் கூடாது. "நான் பாக்காததையா நீங்க பாத்துரப் போறீங்க? எடுத்துக்கிட்டு நடையக் கட்டுங்க" என்பாள். லோடு இறக்குகிற ஆளிடம் அதைவிட மோசம். ஒவ்வொரு காயையும் இடது கையால் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அப்புறம்தான் கீழே வைப்பாள். அவன் தலையில் அடித்துக்கொள்வான். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? வலது கை எப்போதும் முந்தானைக்குள்ளேயே இருக்கும். முந்தானை நழுவினால்தான் தெரியும், அந்தக் கையில் கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம் என்பது.

சொல்ல வந்தது அந்தக் கை போன கதை.

சந்தேகம் அவளுக்கு உடம்போடு ஒட்டிப் பிறந்தது. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் பிறந்தவள். கல்யாணத்தன்றைக்கு மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தாலிப்பொன்னை உரசிப் பார்க்கச் சொன்னாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வெறும் பேச்சுதான். ஆனால் அதை நம்பாதவர் ஊரில் யாரும் கிடையாது. அந்த மாப்பிள்ளை வன்னியராஜ், கட்டட வேலை என்று அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். கொஞ்ச காலம் ஒழுங்காக இருந்தான். பிறகு பம்பாயில் மில் வேலை கிடைக்கிறது, போய் அழைத்துக்கொள்கிறேன் என்று கம்பி நீட்டியவன்தான். கடுதாசியும் இல்லை, ஆள் மூலம் ஒரு சொல்லும் இல்லை.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த காலனியில், வன்னியராஜின் தங்கை பூமாரியும் அவள் புருஷன் வேல்சாமியும் இருந்த குடிசையிலேயே மாடம்மாள் ஒண்டிக்கொண்டாள். வேல்சாமி ஓட்டலில் மாவாட்டப் போவான். பூமாரி சித்தாள் வேலைக்குப் போவாள். மாடம்மாள் வத்தல் மண்டியில் காம்பு கிள்ளப் போவாள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் பூமாரி ஊர்க்காரர் யாருடனாவது தெருமுனையில் நின்று பேசினால் போதும், மாடம்மாளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அண்ணன்காரனிடமிருந்து சேதி வருகிறது, தன்னிடம் மறைக்கிறாள் என்று முழு மனசாக நம்பினாள். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"உங்க அண்ணன் இருக்க எடம் ஒனக்குத் தெரியும். சொல்லமாட்டேங்கிற."

"தெரிஞ்சா நானே போயி செவுட்டுல ரெண்டு குடுத்து இழுத்துட்டு வந்திருப்பேன் மதினி" என்றாள் பூமாரி. இவளுக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறாள் என்று மாடம்மாள் எடுத்துக்கொண்டாள்.

எழுபத்தெட்டில் பூமாரிக்குத் தலைப்பிரசவம். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்ததுமே, தை மாசத்தில் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் வேலை பார்த்தது பிச்சைக்கனி மேஸ்திரியின் செட்டில். எல்லாம் தெக்கத்தி ஆட்கள். அந்த செட்டுகளில் அப்போது ஒரு நடைமுறை இருந்தது. பிரசவமோ கோவில் கொடையோ, யாராவது ஊருக்குப் போனால் அந்த இடத்தை வீட்டிலிருந்து இன்னொரு ஆள் வந்து நிரப்பவேண்டும். ஆள் மாறும், பேர் மாறாது. புதுப் பேரை எழுதச் சொன்னால் கான்ட்ராக்டர் ஆபீசில் நூறு கேள்வி வரும், அதற்குள் வேறு செட்டுக்காரன் உள்ளே புகுந்துவிடுவான். அதனால் பூமாரி திரும்பி வரும்வரை மாடம்மாள்தான் பூமாரி.

முதல் நாள் காலையில் சூப்பர்வைசர் சத்தியநேசன் பேர் கூப்பிட்டான். பாறசாலைக்காரன். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவான்.

"பூமாரி!"

"இருக்கேன் சார்" என்று மாடம்மாள் முன்னால் வந்தாள்.

சத்தியநேசன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நேத்து வரைக்கும் பூமாரி மெலிஞ்ச குட்டியாக்கும். ராத்திரியிலே தடிச்சுப்போச்சு, இல்லியா? ம், போட்டும், சாரமில்லை. போ, போய் கேறு."

செட்டே சிரித்தது. அன்றிலிருந்து சத்தியநேசன் சந்தோஷமாக இருந்தால் "பூமாரி" என்பான். கோபம் வந்தால் "ஏ மாடம்மா" என்று கத்துவான்.

கேறு, அதாவது ஏறு என்று அவன் சொன்னது வள்ளத்தில். வேலை நடந்தது வேளிக் காயலுக்கு அக்கரையில். யாரோ பெரிய இடத்துக்காரரின் பங்களா. ரோடு வழியாகப் போனால் சுற்று அதிகம் என்று கருங்கல்லும் ஜல்லியும் வள்ளத்தில்தான் போயின. ஆட்களும் அதே வள்ளத்தில்தான் போனார்கள், ஆனால் தனி நடையாக. வள்ளக்காரன் தாசையன் அதில் கறார். கல் ஏற்றினால் ஆள் ஏற்றமாட்டான். ஆள் ஏறினால் கல் ஏற்றமாட்டான். கழுக்கோலை ஊன்றுவதற்கு முன்னால் தினமும் ஒரே பாட்டைப் பாடுவான்.

"ஆரும் நிக்கப்படாது. ஆடப்படாது. கை அகத்து, மடியிலே இருக்கணும். வெளியே விரல் தெரியப்படாது, கேட்டியளா?"

மற்ற பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாடம்மாளால் முடியவில்லை. கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை அறியாத ஊர்க்காரி. அந்த வள்ளத்தைப் பார்த்த நாளிலேயே அதைத் தட்டித் தடவிப் பார்த்துவிட்டாள். பலகையைப் பலகையோடு கயிறு போட்டுத் தைத்திருக்கிறார்கள், ஓர் ஆணிகூட இல்லை, இதை நம்பி ஏறுவதா? போதாததற்கு இந்தத் தாசையன் வேறு.

"கைய மடியில வச்சுக்கிட்டு உக்காரணுமாம்ல? கவுந்தா எதைப் புடிக்க? அவன் நீந்திருவான். நாம?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். தாசையன் அந்தப் பக்கம் திரும்பியதும் வலது கையால் வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கட்டைவிரல் உள்ளே, மற்ற நாலும் வெளியே. தாசையன் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டால் எடுப்பாள். அவன் திரும்பினதும் மறுபடி பிடிப்பாள்.

அன்றைக்குக் கான்கிரீட் போடுகிற நாள். ஆனி மாசத்துக் காற்று. ஜல்லி பாதி வள்ளத்துக்கு ஏறியிருந்தது. சத்தியநேசன் வள்ளம் அணையும் கடவில் நின்று, ஆட்களும் அதிலேயே ஏறட்டும் என்றான்.

"பற்றூல்ல சாரே, இது ஆளைக் கொல்லுத வேலை. ரெண்டு நடையாட்டு விடுதேன்" என்றான் தாசையன்.

"ரெண்டு நடை விட்டா உச்சையாயிப் போகும். கலவை எனக்காகக் காத்து நிக்குமா? நீ கேற்றிலேன்னா நாளைக்கு வேற வள்ளம் வரும்."

தாசையன் கழுக்கோலைக் கையில் எடுத்தான். பெண்கள் தயங்கினார்கள். "பூமாரி! என்ன பாக்குத? கேறு! நீ முன்னால கேறு, மத்தவளுவ வருவாளுவ" என்று சத்தியநேசன் விரட்டினான். மாடம்மாள் ஏறினாள். பின்னாலேயே எல்லோரும் ஏறினார்கள்.

விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை. நடுக்காயலில் ஓர் அலை உள்ளே அடித்தது. பெண்கள் அலறி ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். ஜல்லியும் அந்தப் பக்கமே சரிந்தது. தாசையன் உயிரைக் கொடுத்துக் கழுக்கோலை ஊன்றிக் கரைக்குத் தள்ளினான். கரை வந்தது. ஆனால் அந்தப் பாரத்தை நிறுத்த அவனால் முடியவில்லை. கருங்கல் கட்டிய கடவுச் சுவரில் வள்ளம் பக்கவாட்டில் போய் மோதிக் கவிழ்ந்தது. மற்றவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து, இருமிக்கொண்டு எழுந்து நின்றார்கள். மாடம்மாளின் நாலு விரல்களும் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தன.

தாசையன்தான் அவளைத் தூக்கிக் கரையில் போட்டான். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னையத் தள்ளுனது யாரு?" என்பது.

பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பேர் கேட்டார்கள். கூட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "பூமாரி, புருஷன் பேர் வேல்சாமி" என்றார்கள். பேரை மாற்றிச் சொன்னால் செட்டுக்கே சீட்டுக் கிழிந்துவிடும் என்று பிச்சைக்கனி வழியிலேயே மிரட்டி வைத்திருந்தான். மயக்கம் தெளிந்து பார்த்தால் கட்டிலில் தொங்கிய அட்டையிலும் பூமாரி. நர்ஸ் கூப்பிட்டதும் பூமாரி. விரல்களை எடுத்ததும் அந்தப் பேரில்தான்.

சத்தியநேசன் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தான். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கு மனசு வெஷமந்தான். பின்ன ஒரு காரியம் ஆலோசிச்சுப் பாரு. பூமாரின்னு சொன்னா, பூமாரி ஊருல பெத்துக் கெடக்கா. மாடம்மான்னு சொன்னா, அப்படி ஓர் ஆளே எங்க சைட்டுல இல்ல. கள்ளப்பேருல கேஸுக்குப் போனா உள்ள போயிருவ, கேட்டியா? இதுல விரல் பதிச்சுட்டு, வண்டிச் செலவுக்குத் தாறதை வாங்கிட்டு ஊருக்குப் போ."

மாடம்மாள் அவன் நீட்டிய தாளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தத் தாளை அவன் மடித்து வைத்திருந்த பதனம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "கை வலிக்கி சார். அப்புறம் வாங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆரஞ்சையும் தொடவில்லை. அதில் எதைத் தடவியிருக்கிறானோ?

வேடிக்கை என்னவென்றால், அடுத்து வந்தவன் உண்மையாகவே உதவி செய்ய வந்தான். அவனையும் அவள் அதே தராசில்தான் வைத்தாள். தாசையன் காலனிக்குத் தேடி வந்து, வாசலிலேயே நின்றான். உள்ளே வரக் கூசினான்.

"அக்கா, நானும் குத்தக்காரன்தான். அண்ணைக்கு ஏத்தியிருக்கப்படாது. வயித்துப் பாட்டுக்குப் பேடிச்சுட்டேன். இப்பம் எத்தறை சொல்லி என்ன? கோட்டைக்குள்ள ஒரு வக்கீலம்மா இருக்கு, பாகீரதின்னு. எங்க வள்ளக்காருக்கு வேண்டி ஒரு கேஸு நடத்திச்சு. வா, கூட்டிட்டுப் போறேன்."

கவிழ்த்தவனே வக்கீலையும் கூட்டி வருகிறான் என்றால் இதில் உள்ளடி வேலை இல்லாமலா இருக்கும்? ஆனால் போகாமல் இருக்கவும் வழி இல்லை. வத்தல் மண்டியில் ஒற்றைக் கைக்காரிக்கு வேலை இல்லை என்று சொல்லியாகிவிட்டது. சும்மாடு வைத்துச் சட்டி தூக்கவும் முடியாது. இந்த நஷ்டஈடு கிடைக்காவிட்டால் அவள் பழவங்காடியில் பிச்சைக்குத்தான் உட்காரவேண்டும். அதை அவளே தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாகீரதி முப்பது வயதுகூட ஆகாத பெண். மூக்குத்தி, கண்ணாடி, மேஜை நிறையப் புத்தகம். அக்ரஹாரத்துப் பேச்சு. "உள்ளே வாங்கோ. உக்காருங்கோ. கை இன்னும் வலிக்கறதா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வக்கீல் வீட்டில் சித்தாளுக்குக் காப்பி எதற்கு? பாகீரதி தன் டம்ளரை எடுத்துக் குடித்த பிறகுதான் மாடம்மாள் தன்னுடையதைத் தொட்டாள்.

"ஒங்க பீஸ் என்னம்மா?"

"கேஸ் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

பீஸ் வாங்காத வக்கீலா? மாடம்மாளுக்குள் ஒரு மணி அடித்தது. எதிர்ப்பக்கம் வாங்கியிருப்பாள், வேறென்ன?

"அவா வள்ளத்துல, அவா சொல்லி, அவா வேலைக்காகப் போயிண்டிருந்தேள். அதுபோறும். கையை எங்கே வச்சேள்னு கேட்டுண்டு கேஸைத் தள்ள முடியாது. ஆனா ஒண்ணு, எங்கிட்ட எதையும் மறைக்கப்படாது, கேட்டேளா? வெளியில எத்தனை பொய் வேணும்னாலும் சொல்லிக்கோங்கோ, இங்கே வேண்டாம். சரி, பேர் சொல்லுங்கோ."

நாக்கு நுனிவரை வந்தது. கள்ளப்பேர் என்றால் உள்ளே போய்விடுவாய் என்று சத்தியநேசன் சொன்னது காதில் கேட்டது. இவள் அவன் ஆளாக இருந்தால்?

"பூமாரி" என்றாள் மாடம்மாள்.

பாகீரதி அப்படியே எழுதிக்கொண்டாள். தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் மனுவும் அந்தப் பேரிலேயே போய்ச் சேர்ந்தது. தனக்கு உதவி செய்ய வந்த ஒரே ஆளின் காலை இப்படி மாடம்மாளே வாரிவிட்டாள்.

விசாரணைக்கு நாள் குறித்த சமயத்தில் பூமாரி கைக்குழந்தையோடு நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கினாள். குடிசைக்குள் வந்தவள், மதினியின் கையைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மாடம்மாளும் அழுதாள். அதுவரை எல்லாம் சரிதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பூமாரி ஒரு கேள்வி கேட்டாள்.

"கேஸு எம் பேருலயா நடக்கு?"

மாடம்மாளின் அழுகை பட்டென்று நின்றது. ஓகோ, விஷயம் அப்படியா? பேர் இவளுடையது. தீர்ப்பு வந்தால் பணமும் இவள் பேருக்குத்தான் வரும். புள்ளை பெற்ற உடம்போடு பஸ் ஏறி ஓடி வந்தது கையைப் பார்க்கவா, கேஸைப் பார்க்கவா?

"யாரு சொன்னா ஒனக்கு?"

"ஊருக்கே தெரியும் மதினி. வக்கீலம்மாகிட்ட நெசத்தைச் சொல்லிருவோம். வாங்க, ரெண்டு பேரும் போவோம்."

"நீ ஒண்ணும் போக வேண்டாம். ஏங் கை, ஏங் கேஸு."

"எம் பேரு மதினி" என்றாள் பூமாரி. சொன்னது வருத்தத்தில்தான். ஆனால் மாடம்மாளுக்கு அது உரிமை கொண்டாடுவதாகத்தான் கேட்டது.

அதற்குப் பிறகு குடிசைக்குள் பேச்சு வார்த்தை இல்லை. மாடம்மாள் பூமாரியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். ஒருநாள் சாயங்காலம் சாலையில் வெற்றிலைக் கடை ஓரம் சத்தியநேசன் பூமாரியிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் பிச்சைக்கனியும் நின்றான். மாடம்மாள் வாழைத்தார் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கிக் காதைத் தீட்டிக்கொண்டாள். பிச்சைக்கனி ஏதோ விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னது சந்தை இரைச்சலில் கேட்கவில்லை. கடைசியில் சத்தியநேசன் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நீ வந்து நிண்ணாப் போதும். நாந்தான் பூமாரி, எனக்கு ஒண்ணும் பற்றியிட்டில்லன்னு கையைக் காட்டு. அத்தறதான். உன் வேலை உனக்கு உண்டு."

"வாறேன் சார்" என்றாள் பூமாரி.

மாடம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சண்டை போடலாம் என்று நினைத்தாள், போடவில்லை. சண்டை போட்டால் உஷாராகிவிடுவாள். மறுநாள் பூமாரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைப் பக்கம் போனபோது பின்னாலேயே போனாள். பூமாரி நேராகப் பாகீரதி வீட்டுக்குள் நுழைந்தாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பின வக்கீலம்மா குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். போச்சு. நாத்தனார், வக்கீல், சூப்பர்வைசர் மூன்று பேரும் ஒரே கூட்டு. அவள் ஒருத்தி மட்டும்தான் முட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பாகீரதி ஆள் அனுப்பிக் கூப்பிட்டதற்கும் போகவில்லை.

விசாரணை அன்றைக்கு ஆபீஸ் வராந்தாவில் பாகீரதி வேகமாக வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"ஏன் வரலை? உங்ககிட்ட பேசணும்னு எத்தனை தடவை சொல்லி அனுப்பிச்சேன்! உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

மாடம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் பியூன் கதவைத் திறந்து கூப்பிட்டான்.

"பூமாரி!"

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் கள்ளப்பேர். எழாவிட்டால் கேஸ் இல்லை. வராந்தாவின் அந்தக் கோடியில் பூமாரி குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். மாடம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

பாகீரதி ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு பேச வாயைத் திறந்தாள். அவளை முந்திக்கொண்டு சத்தியநேசன் துள்ளி எழுந்தான். எத்தனை நாளாகக் காத்திருந்தானோ?

"சாரே, இது கள்ளக்கேஸு! இவ பூமாரியே இல்ல! ஒரிஜினல் பூமாரி வெளியே நிக்கா, விளிச்சுக் கேளுங்க!"

அவன் தரப்பு வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை. கமிஷனர் வயசானவர், கண்ணாடிக்கு மேலே பார்த்தார். சொல்வதைக் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணிச் சொல் என்றார். சத்தியநேசன் சந்தோஷமாக ஏறினான். மாடம்மாள் பின்னால் நகர்ந்தாள். சுவரைப் பிடிக்கலாம் என்று வலது கையை நீட்டினாள், பிடிக்க விரல் இல்லை.

பாகீரதி எழுந்தாள். கையில் இருந்த தாளை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டாள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"இவா பூமாரி இல்லைன்னா வேற ஆரு?"

"மாடம்மா. பூமாரிக்க மதினி."

"நிச்சயமா தெரியுமா? வேற ஆரையாவது பார்த்து..."

"என்ன வர்த்தமானம் பறயுது! தை மாசம் தொட்டு தினமும் காலத்தே என் முன்னாலே வந்து நிண்ணவளைத் தெரியாதா? பூமாரி பிரசவத்துக்குப் போனப்பம், அவளுக்குப் பதிலா வந்தவ இவ. நான் முதல் நாளே கண்டுபிடிச்சாச்சு."

"வந்து என்ன பண்ணினா?"

"என்ன பண்ணுவா? கல்லு சொமந்தா."

"உங்க சைட்டுலயா?"

"பின்ன எங்க?"

அவன் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். சத்தியநேசனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

"அன்னிக்கு வள்ளத்துல ஏறச் சொன்னது?"

சத்தியநேசன் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். கமிஷனர் இப்போது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்... பேரு விளிச்சேன்" என்றான் கடைசியில்.

"எல்லாம் எழுதிண்டாச்சா சார்? நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிட்டார்" என்று பாகீரதி தன் தாளை நீட்டினாள். மனுவில் பேர் தவறாகப் போயிருக்கிறது, காயம்பட்டவள் பேர் மாடம்மாள், திருத்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சாட்சியாகப் பூமாரியைக் கூப்பிட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கூண்டில் ஏறினாள். சத்தியநேசனைப் பார்க்கவே இல்லை.

"நாந்தான் பூமாரி. எங் கை நல்லாத்தான் இருக்கு, பாருங்க. நான் போயிருக்க வேண்டிய வள்ளத்துல எங்க மதினி போனா. பேரை மாத்தி நிக்கது எல்லா செட்டுலயும் உள்ளதுதான். மேஸ்திரிக்கும் தெரியும், இந்த சாருக்கும் தெரியும். தெரியாம யாரும் நிக்க முடியாது. போயிருக்க வேண்டியது எங் கை சார்" என்றாள்.

கமிஷனர் மாடம்மாளைக் கூப்பிட்டு, பொய்ப்பேர் கொடுத்ததற்கு நன்றாகவே திட்டினார். ஏன் கொடுத்தாய் என்றார். "யாரையும் நம்ப முடியல சார்" என்றாள். சரி, உன் பேரைச் சொல் என்றார். அவள் முந்தானையை விலக்கிக் கையை வெளியே எடுத்தாள்.

"மாடம்மா" என்றாள்.

உத்தரவு வர மழைக்காலம் முடிந்தது. நஷ்டஈடு அவள் பேருக்கே கிடைத்தது. ஆனால் அது பின்னால்.

அன்றைக்கு வெளியே வந்தபோது பிச்சைக்கனி படிக்கட்டில் நின்றிருந்தான். மாடம்மாளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பூமாரியிடம் மட்டும் பேசினான்.

"நான் சாலையில வச்சே சொன்னம்லா? வாயத் தொறந்தேன்னா ஒனக்கு எந்த செட்டுலயும் எடம் கெடையாதுன்னு. இனிமே இந்த ஊர்ல நீ சட்டி தூக்குறதை நான் பாக்கேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

மாடம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். வாழைத்தார் வண்டிக்குப் பின்னால் நின்றபோது கேட்காமல் போனது அதுதானா?

"ஏட்டி, இவன் முந்தியே ஓங்கிட்ட சொல்லிட்டானா?"

"ம்."

"தெரிஞ்சுமா வந்த?"

"தெரிஞ்சுதான் மதினி வந்தேன்."

"அந்தச் சூப்பர்வைசர்கிட்ட வாறேன்னு சொன்னியே. நான் கேட்டேன்."

"வந்து நில்லுன்னான். வந்து நின்னேன். என்ன சொல்லணும்ங்கிறது என் இஷ்டம்" என்றாள் பூமாரி. குழந்தை அவள் தோளில் உறங்கிப்போயிருந்தது. பூமாரியின் முகம் வேலை போனவள் முகமாகவே இல்லை.

மாடம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். எத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே அவளைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறாள்! "ஒன்னையப் போயி நான்... ஒன்னையப் போயி..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இல்லாத விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆபீசுக்கு வந்தவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் படியேறினார்கள்.

பூமாரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முந்தானையை இழுத்துவிட்டாள்.

"சத்தம் போடாதீங்க மதினி, புள்ள முழிச்சிரும்."